விளையாட்டாய் ஒரு நிரூபணம்

2013 டிசம்பரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி முகமையான டார்பா, வெரிகேம்ஸ் என்ற இணையதளத்தைத் திறந்தது. சர்க்யூட்பாட், ஃப்ளோ ஜாம், கோஸ்ட் மேப், ஸ்டார்ம்பவுண்ட், சைலம் என்று ஐந்து விளையாட்டுகள். 18 வயது நிரம்பிய யாரும் காசில்லாமல் ஆட முடிந்தது. ஆடுகிறவர் கண்ணில் படுவது குழாய், செடி, வலைப்பின்னல். அதற்கு அடியில் இருப்பது திறந்த மூல மென்பொருளின் நிஜ நிரல். ஒரு கட்டத்தை முடித்தால், அந்த நிரலின் ஒரு துண்டில் குறிப்பிட்ட வகைப் பிழை வரவே வராது என்று நிரூபிக்கத் தேவையான ஏதோ ஒரு தகவல் கையில் கிடைக்க வேண்டும். திட்டத்தின் பெயர் கிரவுட் சோர்ஸ்டு ஃபார்மல் வெரிஃபிகேஷன், அதாவது மக்கள் கூட்டத்தைக் கொண்டு நிரலைக் கணித முறையில் சரிபார்ப்பது.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ‘சாதாரண மக்கள் விளையாடியே பக் (பிழை) கண்டுபிடித்தார்கள்’ என்று சுருக்கிவிடுகிறார்கள். அப்படிச் சுருக்கும்போது இதிலுள்ள அருமையான பொறியியல் முழுக்கக் காணாமல் போகிறது. யார் யூகிக்கிறார்கள், யார் சரிபார்க்கிறார்கள் என்ற பிரிவினைதான் இங்கே உயிர்நாடி. அது சரியாக அமைந்தால் ஆயிரம் பேர் தப்பாக ஆடினாலும் கேடு ஒன்றுமில்லை. சறுக்கினால் எத்தனை பேர் நன்றாக ஆடினாலும் பயனில்லை.

முதலில், எதற்கு இவ்வளவு பாடு? ஒரு நிரலைச் சோதித்துப் பார்ப்பது வேறு, நிரூபிப்பது வேறு. சோதனையில் நாம் கொடுத்த உள்ளீடுகளுக்கு மட்டும்தான் பதில் தெரியும். நிரூபணம் எல்லா உள்ளீடுகளுக்கும் பேசும். அதற்கு விலை உண்டு. 2009இல் சிட்னியின் நிக்டா குழு, செல்4 என்ற இயங்குதளக் கருவை முழுமையாக நிரூபித்துக் காட்டியது. கருவில் இருந்தது சுமார் 8,700 வரி சி நிரல். நிரூபணம் இசபெல் என்ற டூலில் சுமார் 2,00,000 வரி. கருவிகள், அடித்தள நூலகங்கள் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 20 ஆள்-ஆண்டு உழைப்பு; செல்4-க்கே உரிய நிரூபணம் மட்டும் 11 ஆள்-ஆண்டு. இந்த வேலை தெரிந்தவர்கள் உலகில் கொஞ்சம் பேர்தான். எல்லா மென்பொருளுக்கும் இப்படிச் செய்ய ஆள் கிடையாது.

ஆனால் அந்த உழைப்பைப் பிரித்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். எழுதி முடித்த நிரூபணத்தைச் சரிபார்ப்பது இயந்திரத்துக்கு எளிது. எதை எழுதுவது என்று கண்டுபிடிப்பதுதான் கடினம்: இந்த மாறி (ஒரு மதிப்பைப் பிடித்து வைக்கும் பெயர்) எப்போதும் எப்படி இருக்கும், இந்த லூப் (திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதி) சுற்றும்போது எது மாறாமல் நிற்கும் என்பவை. சுடோகு மாதிரி, நிரப்ப நேரமாகும், நிரப்பியது சரியா என்று பார்க்க நொடி போதும். அந்த நிரப்பும் பகுதியைத்தான் விளையாட்டாக மாற்ற முயன்றார்கள்.

குழாயும் பந்தும்

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் எர்ன்ஸ்ட், ஜோரான் பொப்போவிச் ஆகியோர் இருந்த குழு முதலில் செய்தது பைப் ஜாம். அதன் வழிவந்ததுதான் வெரிகேம்ஸில் வந்த ஃப்ளோ ஜாம். இந்த விளையாட்டை எடுத்துக்கொண்டால் நிரலுக்கும் பலகைக்கும் உள்ள பொருத்தம் துல்லியமாகப் புரியும்.

ஜாவா என்ற நிரல் மொழியில் ஒரு மாறி ஏதாவது ஒரு பொருளைச் சுட்டும், அல்லது எதையும் சுட்டாமல் வெறுமையாக இருக்கும். வெறுமையான மாறியின் மேல் ஒரு மெத்தடை, அதாவது பெயரிட்ட ஒரு நிரல் துண்டை, கூப்பிட்டால் நல்-பாயின்டர் எக்ஸெப்ஷன் வந்து நிரல் விழுந்துவிடும். ஜாவாவில் வேலை செய்கிறவர்கள் அடிக்கடி பார்க்கும் பிழை இது. இது நடக்கவே நடக்காது என்று நிரூபிக்க, ஒவ்வொரு மாறிக்கும் ‘வெறுமையாகலாம்’ அல்லது ‘வெறுமையாகாது’ என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். எழுதிவிட்டால், முரண் இருக்கிறதா என்று செக்கர் ஃப்ரேம்வொர்க் என்ற டூல் பார்த்துச் சொல்லிவிடும். பழைய நிரலில் ஆயிரக்கணக்கான இடங்களில் இந்தக் குறிப்பை யார் உட்கார்ந்து எழுதுவது?

பலகையில் ஒவ்வொரு மாறியும் ஒரு குழாய். அகலக் குழாய் என்றால் வெறுமையாகலாம், குறுகிய குழாய் என்றால் வெறுமையாகாது. மதிப்புகள் பந்துகளாக ஓடும்: புதிதாக உருவாக்கிய பொருள் சின்னப் பந்து, வெற்று மதிப்பு பெரிய பந்து. சின்னப் பந்து எதிலும் நுழையும். பெரிய பந்து குறுகிய குழாயில் சிக்கிக்கொள்ளும். ஒரு மாறியின் மதிப்பை இன்னொன்றில் வைத்தால் முதல் குழாயிலிருந்து இரண்டாவதுக்கு ஓர் இணைப்பு. மெத்தட் கூப்பிடும் இடத்தில் குழாயில் ஒரு நெரிப்பு இருக்கும். குழாய் எவ்வளவு அகலமானாலும் பெரிய பந்து அந்த இடத்தைத் தாண்டாது. ‘இது வெறுமையா?’ என்று கேட்கும் நிபந்தனை வந்தால் குழாய் இரண்டாகப் பிரியும். வெறுமை இல்லை என்ற கிளையில் சின்னப் பந்து மட்டும் இறங்கும். ஒரு மெத்தடுக்கு ஒரு பலகை. அந்த மெத்தடை வேறெங்காவது கூப்பிட்டால் அங்கே அது ஒரு பெட்டியாகத் தெரியும். ஒரே மாறி பல இடங்களில் வந்தால் எல்லாக் குழாயும் ஒரே நிறம். ஒன்றின் அகலத்தை மாற்றினால் எல்லாம் மாறும். வெளி நூலகத்திலிருந்து வந்தவற்றின் அகலத்தை மாற்ற முடியாது.

ஆடுகிறவர் செய்வது குழாயைச் சொடுக்கி அகலத்தை மாற்றுவது மட்டுமே. எல்லாவற்றையும் அகலமாக்கினால் பெரிய பந்துகள் நெரிப்புகளில் போய் அடைக்கும். எல்லாவற்றையும் குறுக்கினால் ஊற்றுக்கண்ணிலேயே அடைக்கும். இடையில் எங்கோ விடை. விடை இல்லாத பலகையும் உண்டு. அங்கே ஒரு வட்ட ரம்பம் வைக்கலாம்: பெரிய பந்தை வெட்டிச் சின்னதாக்கிவிடும், மதிப்பெண் குறையும். நிரலின் பக்கம் அந்த ரம்பத்துக்குப் பொருள், ‘இந்த இடத்தில் வெறுமை வராது என்று நம்புகிறோம், நிரூபிக்கவில்லை’ என்பது. ஆட்டம் முடிந்ததும் அகலங்கள் குறிப்புகளாக மாறி நிரலில் ஏறும். ரம்பம் வைத்த இடங்கள் மட்டும் ஒரு பட்டியலாக நிபுணரிடம் போகும். ஒன்று, அங்கே நிஜமாகவே பிழை. அல்லது நிரல் சரி, டூலுக்குப் புரியவில்லை. முழு நிரலையும் படிக்க வேண்டியவர் இப்போது அந்தச் சில இடங்களைப் படித்தால் போதும்.

வெறுமைக்குப் பதில் வேறு பண்பையும் இதே பலகையில் ஏற்றலாம். வெளியாள் கொடுத்த, சுத்தம் செய்யாத எழுத்துகள் தரவுத்தளக் கேள்விக்குள் போகக் கூடாது என்றால், சுத்தமில்லாத மதிப்பு பெரிய பந்து, கேள்வியை ஓட்டும் இடம் நெரிப்பு. ஆடுகிறவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. இந்தப் பொதுமைதான் வடிவமைப்பின் அழகு என்று நினைக்கிறேன்.

அதே வடிவமைப்பின் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. ‘இந்த மதிப்பு அங்கே போகிறது’ என்ற எளிய கட்டுப்பாடுகள் மட்டும் இருந்து, ரம்பம் இல்லாத விடையும் இருந்தால், அதைக் கண்டுபிடிக்க மனிதர் தேவையே இல்லை. பெரிய பந்துகள் எங்கெல்லாம் போய்ச் சேரும் என்று தொடர்ந்து போனால் கணினி நொடியில் சொல்லிவிடும். விடை இல்லாத பலகையில், கட்டுப்பாடுகளும் சிக்கலாகும்போதுதான் கணக்கு கடினமாகிறது: எதைக் கைவிட்டால் இழப்பு மிகக் குறையும் என்பது மேக்ஸ்-சாட் என்ற, பெரிய அளவில் கணினியே திணறும் வகையைச் சேர்ந்த கேள்வி. ஆகவே நிரலை அப்படியே பலகையாக்கி வெளியிடுவது தப்பு. தானாகத் தீர்க்க முடிந்ததைத் தீர்த்துவிட்டு, முரண் எஞ்சிய பகுதியை மட்டும் வெட்டி மனிதருக்குத் தர வேண்டும்.

இன்னொரு குறை இதைவிட ஆழமானது. எங்கே ரம்பம் வைப்பது நியாயம் என்று தீர்மானிக்க, அந்த மாறியின் பெயர் தெரிய வேண்டும், சுற்றியுள்ள நிரல் தெரிய வேண்டும். ‘பயனர் முகவரி’ வெறுமையாக வாய்ப்பு உண்டு. ‘நிரல் தொடங்கிய நேரம்’ அப்படி ஆக வாய்ப்பில்லை. பலகையில் இரண்டும் ஒரே மாதிரிக் குழாய். மனிதரிடம் இருந்த பொது அறிவை மறைத்துவிட்டு, அவர் கண்ணையும் பொறுமையையும் மட்டும் கேட்டோம். கண்ணிலும் பொறுமையிலும் கணினிக்குப் போட்டியாக நிற்பது நமக்குச் சிரமம்.

ஏமாற்ற முடியாத ஆட்டம்

மக்களைக் கூட்டி வேலை வாங்கும் எந்தத் திட்டத்திலும் முதல் தலைவலி, வந்த பதிலை நம்பலாமா என்பது. லூயிஸ் ஃபான் ஆன் செய்த ஈஎஸ்பி விளையாட்டில் ஒரு படத்துக்கு ஒருவரையொருவர் அறியாத இருவர் ஒரே சொல்லைச் சொன்னால்தான் ஏற்றுக்கொண்டார்கள். 2008இல் வந்த ஃபோல்டிட்டில் புரதத்தை மடிக்கிறவர்களுக்கு ஆற்றல் கணக்கீடு மதிப்பெண் தந்தது; ஒரு குரங்கு வைரஸின் புரோட்டியேஸ் நொதி அமைப்பை ஆட்டக்காரர்கள் மூன்று வாரத்தில் எட்டியதாக 2011இல் வெளியானபோது, எக்ஸ்ரே தரவோடு ஒத்துப்போவதைப் பார்த்தே உறுதி செய்தார்கள். ஃபோல்டிட்டை உருவாக்கிய பொப்போவிச்சும் சேத் கூப்பரும் பைப் ஜாம் குழுவிலும் இருந்தார்கள்.

நிரல் சரிபார்ப்பில் இந்தத் தலைவலி கிட்டத்தட்ட இல்லை. ஆடுகிறவர் தருவது யூகம். அதை ஏற்பதா என்று தீர்மானிப்பது நிரூபண டூல். ஒருவர் வேண்டுமென்றே குப்பையைப் போட்டால் நிரூபணம் கிடைக்காமல் போகும், அவ்வளவுதான். பொய்யான நிரூபணம் உருவாகாது. ஓட்டெடுப்பு வேண்டாம், ஒரே பலகையைப் பத்துப் பேருக்குக் கொடுத்து ஒப்பிட வேண்டாம். ஒருவர் ஒரே ஒரு முறை சரியாகச் சொன்னாலும் போதும்.

கவனிக்க வேண்டியது வேறொன்று. தீராமல் நிற்கும் பலகை, பிழை இருக்கக்கூடிய இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. பலகையிலிருந்து மூல நிரலை யாராவது யூகித்துவிட்டால் அவருக்கு ஒரு ஓட்டை கிடைத்த மாதிரி. அதனால்தான் பிழை தெரிய வந்தால் அந்த மென்பொருளுக்குப் பொறுப்பானவர்களுக்கு முதலில் தெரிவிக்கும் நடைமுறையை டார்பா தொடக்கத்திலேயே அறிவித்தது.

ரேதியான் பிபிஎன் நிறுவனம் செய்த கோஸ்ட் மேப் வேறு வழியில் போனது. பிழைக்குப் போவதாகத் தோன்றும் பாதை ஒன்றை நிரலின் ஓட்ட வரைபடத்தில் காட்டுவார்கள்; அந்தப் பாதை நிஜத்தில் நடக்காதது என்றால், ஆடுகிறவர் முனைகளைப் பிளந்து, நடக்காத இணைப்பை நீக்கிக் காட்ட வேண்டும். நீக்கலாமா என்பதைப் பின்னணி டூல் சொல்லும். நல்ல யோசனைதான், ஆனால் மனிதரின் தனித்திறன் எதற்கு வேண்டும் என்ற கேள்விக்குச் சிறந்த பதில் லூப்களில்தான் இருக்கிறது.

எண்களுக்குள் ஒளிந்த உண்மை

ஒரு சின்ன லூப்பை எடுத்துக்கொள்வோம். ‘எண்ணி’, ‘மொத்தம்’ என்று இரண்டு மாறிகள்; இரண்டும் 0-இல் தொடங்குகின்றன. எண்ணி, எல்லையைவிடக் குறைவாக இருக்கும்வரை: எண்ணியை ஒன்று ஏற்று, பிறகு மொத்தத்தோடு எண்ணியைச் சேர். எல்லை 0 அல்லது அதற்கு மேல். முடிவில் மொத்தம் = எல்லை × (எல்லை + 1) ÷ 2 என்று நிரூபிக்க வேண்டும்.

லூப் எத்தனை முறை சுற்றும் என்று தெரியாததால், ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் உண்மையாக இருக்கும் ஒரு கூற்று வேண்டும். இதுதான் லூப் இன்வேரியன்ட். அது மூன்று தேர்வில் தேற வேண்டும்: லூப் தொடங்கும் முன் உண்மையாக இருக்க வேண்டும், ஒரு சுற்றுக்கு முன் உண்மை என்றால் பின்னும் உண்மையாக இருக்க வேண்டும், லூப் முடிந்ததும் நாம் நிரூபிக்க வந்ததை அது தர வேண்டும்.

எல்லை 5 என்று ஓட்டினால் எண்ணியும் மொத்தமும் இப்படி வரும்: 0, 0. 1, 1. 2, 3. 3, 6. 4, 10. 5, 15. இந்த அட்டவணையை ஒருவரிடம் கொடுத்து ‘எல்லா வரிசைக்கும் பொருந்துகிற ஒன்றைச் சொல்லுங்கள்’ என்றால் அதுவே விளையாட்டு. எஸ்ஆர்ஐ என்ற ஆய்வு நிறுவனமும் சான்டா குரூஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த சைலத்தில் ஆடுகிறவர் ஒரு தாவரவியலாளர். மிராஃப்ளோரா என்ற தீவில் செடி வளர வளரப் பூக்களின் எண்ணிக்கை மாறும், அதிலிருந்து ஒரு விதியைச் சொல்ல வேண்டும். பூ எண்ணிக்கை என்பது மாறியின் மதிப்பு, வளர்ச்சி நிலை என்பது லூப்பின் சுற்று.

ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொல்கிறார்கள் என்று வைப்போம். மொத்தம் ≥ 0. எண்ணி ≥ 0. மொத்தம் ≤ 15. எண்ணி ≤ எல்லை. 2 × மொத்தம் = எண்ணி × (எண்ணி + 1). ஐந்தும் அட்டவணைக்குப் பொருந்துகின்றன. இனி இயந்திரத்தின் வேலை.

மொத்தம் ≥ 0 என்ற கூற்றைத் தனியாகச் சோதித்தால் தோற்கும். எண்ணி −5, மொத்தம் 0, எல்லை 0 என்ற நிலையை டூல் காட்டும்: அடுத்த சுற்றில் எண்ணி −4, மொத்தம் −4. எண்ணி ஒருபோதும் எதிர்மறை ஆகாது என்பது நமக்குத் தெரியும். ஆனால் அந்தக் கூற்றில் அது இல்லை. இரண்டாமவர் சொன்ன எண்ணி ≥ 0 கூடச் சேர்ந்தால் இரண்டும் தேறிவிடும். ஒருவர் சொன்னதைத் தனியாக நிறுத்திச் சோதித்துத் தூக்கி எறிந்தால் நல்ல கூற்று வீணாகும். எல்லாரும் சொன்னதை ஒரே பையில் போட வேண்டும்.

அந்தப் பையைச் சலிக்கும் முறை 2001இலேயே ஃபிளனகனும் லைனோவும் தந்த ஹௌடினி. பையிலுள்ள எல்லாக் கூற்றும் உண்மை என்று வைத்துக்கொண்டு ஒரு சுற்று ஓட்டிப் பார். எது உடைகிறதோ அதை நீக்கு. மிச்சத்தோடு மறுபடி ஓட்டு. எதுவும் உடையாதபோது நிறுத்து. நம் பையில் உடைவது மொத்தம் ≤ 15 மட்டும்: எண்ணி 5, மொத்தம் 15, எல்லை 6 என்ற நிலையில் மற்ற நான்கும் உண்மை, ஒரு சுற்றுக்குப் பின் மொத்தம் 21. மற்ற நான்கும் தப்பிவிடும். லூப் முடிந்தபோது எண்ணி எல்லையைவிடக் குறைவில்லை; பையில் எண்ணி ≤ எல்லை இருக்கிறது; ஆகவே எண்ணி = எல்லை; ஐந்தாவது கூற்றில் அதைப் போட்டால் வேண்டிய முடிவு வந்துவிடுகிறது. எண்ணி ≤ எல்லை என்ற, சொல்லக்கூடத் தோன்றாத சாதாரணக் கூற்று இல்லையென்றால் நிரூபணம் கடைசிப் படியில் நின்றுபோகும். யாருமே அதைச் சொல்லாமல் விடுவதுதான் நடைமுறையில் அடிக்கடி நடக்கும். சின்னச் சின்னக் கூற்றுகளுக்கும் மதிப்பெண் வைக்க வேண்டும் என்பது இதனால்.

ஐந்தாவது கூற்றைப் போன்றதில்தான் மனிதர் ஒளிர்கிறார். மாதிரி வார்ப்புகளை வைத்துக்கொண்டு, தரவு மறுக்காத கூற்றுகளையெல்லாம் கொட்டும் டெய்கன் போன்ற டூல்கள் ஏற்கெனவே உண்டு. அதைத் தொடங்கியதும் இதே மைக்கேல் எர்ன்ஸ்ட்தான். வார்ப்பில் இல்லாத வடிவம் அதற்குத் தோன்றாது. 0, 1, 3, 6, 10, 15 என்று பார்த்ததும் ‘அட, முக்கோண எண்கள்’ என்று ஒருவருக்குப் பொறி தட்டும். சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழுவொன்று 2018இல் இன்வ்கேம் என்ற விளையாட்டில் கதை, செடி எதுவும் இல்லாமல் வெறும் எண் அட்டவணையையே காட்டி, மெக்கானிக்கல் டர்க் என்ற இணைய வேலைச் சந்தையில் கூலிக்கு வந்தவர்களை ஆட வைத்தது. அன்றைய தானியங்கி டூல்கள் தோற்ற சில நிரல்களை அவர்களின் கூற்றுகள் நிரூபித்தன.

டார்பா திட்டமும் அந்தத் திசையிலேயே நகர்ந்தது. 2015இல் வந்த இரண்டாம் கட்ட விளையாட்டுகளான டைனாமேக்கர், பாரடாக்ஸ், கோஸ்ட் மேப் ஹைப்பர்ஸ்பேஸ், மான்ஸ்டர் புரூஃப், பைனரி ஃபிஷன் ஆகியவற்றில் கதைப் பூச்சு குறைந்து கணிதம் வெளியே தெரிந்தது. பாரடாக்ஸில் ஆடுகிறவர் ஒவ்வொரு மாறியாகத் தொட வேண்டியதில்லை. பெரிய வரைபடத்தில் ஒரு பகுதியைத் தூரிகையால் பூசித் தேர்ந்தெடுத்தால், அந்தப் பகுதியைத் தீர்க்கும் வேலையைத் தானியங்கி ஏற்றுக்கொள்ளும். எங்கே தேடுவது என்பது மனிதர் கையில், தேடுவது கணினி கையில். பைனரி ஃபிஷனில் நல்ல நிலைகளும் கெட்ட நிலைகளும் இரண்டு நிறப் புள்ளிகளாகக் கலந்து கிடக்கும். வடிகட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பிரிக்க வேண்டும். நல்லவை மட்டும் எஞ்சிய கிளைக்குப் போன வடிகட்டிகளைச் சேர்த்தால், அந்த நிரல் தப்பில்லாமல் ஓட என்ன நிபந்தனை வேண்டும் என்பது கிடைக்கும். வடிகட்டிகளை அடுக்கிக்கொண்டே போனால் எந்தக் குவியலையும் பிரித்துவிடலாம், ஆனால் அந்த நிபந்தனை அந்தப் புள்ளிகளுக்கு மட்டுமே பொருந்தும், நிரலைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆகவே இங்கே குட்டையான விடையே நல்ல விடை.

கணிதத்தை மறைத்தால் கூட்டம் வரும் என்பது முதல் கட்டத்தின் கணிப்பு. என் பார்வையில் அது பிசகு. பொழுதுபோக்காக வருகிறவருக்கு இதைவிடச் சுவையான விளையாட்டு ஆயிரம் இருக்கிறது. புதிரைத் தேடி வருகிறவருக்கோ மறைத்த கணிதம் எரிச்சல். தானாக உருவாகும் பலகைகளுக்கு ஏறுமுகமான கடினமும் கிடையாது: நிரல் எப்படியோ பலகை அப்படி, இருபது அற்பக் கட்டங்களுக்குப் பிறகு தீர்க்கவே முடியாத ஒன்று வந்து நிற்கும்.

நீங்களே செய்து பார்க்க

எண் அட்டவணை வகையை ஒரு சின்னக் குழு இன்று செய்துவிடலாம். சி நிரலைச் சரிபார்க்க ஃப்ராமா-சி, ஒரு கூற்று உண்மையாகுமா என்று கணக்குப் பார்க்க இசட்3 என்று இரண்டு டூல்கள், இரண்டும் திறந்த மூலம். சிக்கல் வரும் இடங்களைச் சொல்கிறேன்.

மதிப்புகளைப் பதிவு செய்ய வேண்டிய இடம் லூப்பின் வாசல், அதாவது நிபந்தனையைப் பார்க்கும் கணம். உள்ளே முதல் வரியில் பதிந்தால் நிபந்தனை பொய்யாகும் கடைசி வரிசை விடுபடும். நம் அட்டவணையில் 5, 15 வராது. எண்ணியை ஏற்றிய பிறகு, மொத்தத்தில் சேர்க்கும் முன் பதிந்தால் 1, 0. 2, 1. 3, 3 என்று பாதி மாறிய நிலைகள் வரும். அவற்றிலும் ஒரு அழகான விதி தெரியும், ஆட்டக்காரர் சரியாகச் சொல்வார், நிரூபணம் மட்டும் கிடைக்காது. காரணம் புரியாமல் நாள் போகும்.

எல்லையையும் ஒரு நெடுவரிசையாக வையுங்கள். 0, 1, 5, 8 என்று பல எல்லைகளுக்கு ஓட்டுங்கள். ஒரே எல்லைக்கு ஓட்டினால் ‘எல்லை = 5’ என்பதே எல்லாரும் சொல்லும் முதல் கண்டுபிடிப்பாக இருக்கும். திரையில் ஆறு முதல் எட்டு வரிசை போதும். மற்றவற்றை மறைத்து வைத்து, சொன்ன கூற்றை அவற்றோடு ஒப்பிட்டுப் பொருந்தாத ஒரு வரிசையை உடனே காட்டுங்கள். ஆட்டக்காரருக்கு அதுதான் நல்ல குறிப்பு.

‘மொத்தம் = மொத்தம்’ என்று எழுதி மதிப்பெண் அள்ள முயல்வார்கள். கூற்றின் மறுப்பு எப்போதாவது உண்மையாகுமா என்று இசட்3-இடம் கேளுங்கள். ஆகாது என்றால் அது வெறும் உளறல், மதிப்பெண் இல்லை. அதே ஆள் முன்பு சொன்னதிலிருந்தே வருகிற கூற்றுக்கும் இதேதான்: அடுத்தடுத்த இரு முழு எண்களின் பெருக்கல் எதிர்மறை ஆகாது என்பதால், முக்கோண விதியைச் சொன்னவர் பிறகு மொத்தம் ≥ 0 என்றால் புதிது எதுவும் இல்லை. இந்தச் சோதனையை மற்றவர்கள் சொன்னதோடு சேர்த்து நடத்தாதீர்கள்; பின்னால் வருகிறவருக்கு எதைச் சொன்னாலும் பூஜ்யம் கிடைக்கும், போய்விடுவார்.

இசட்3-க்கு மூன்று பதில் உண்டு: ஆம், இல்லை, தெரியவில்லை. பெருக்கல் வந்தால் மூன்றாவது அடிக்கடி வரும். சில நொடி வரம்பு வைத்து, தெரியவில்லை என்றால் கூற்றைத் தனியே வைத்திருங்கள். ‘தப்பு’ என்று ஆட்டக்காரரிடம் சொல்லாதீர்கள், அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம்.

பலர் தடுக்கி விழும் இடம் இது: சுற்றுச் சோதனையில் டூல் காட்டும் எதிர் உதாரணத்தை அட்டவணையில் புது வரிசையாகச் சேர்ப்பது. மொத்தம் ≤ 15 என்ற கூற்றை மட்டும் கொடுத்தால், எண்ணி 3, மொத்தம் 14 என்று டூல் காட்டலாம். அடுத்த சுற்றில் 18 ஆகிறதே. ஆனால் எண்ணி 3 ஆக இருக்கும்போது மொத்தம் 14 ஆக இந்த நிரலில் வரவே வராது. அதை வரிசையாகச் சேர்த்தால், 2 × மொத்தம் = எண்ணி × (எண்ணி + 1) என்ற உண்மையான விதியே தப்பாகிவிடும்; இனி யாரும் அதைச் சொல்ல முடியாது. 2014இல் வந்த ஐஸ் என்ற கற்றல் முறை இதற்குத் தீர்வு தந்தது: நிஜமாக வந்த நிலைகள் ஒரு வகை, வரக்கூடாத நிலைகள் ஒரு வகை, மூன்றாவதாக ‘இது உள்ளே என்றால் அதுவும் உள்ளே’ என்ற ஜோடிகள். எதிர் உதாரணம் மூன்றாவது வகை. திரையில் அதை இரண்டு வரிசைகளுக்கு நடுவே அம்புக்குறியாகக் காட்டுங்கள்: முதலாவதை விலக்கு, அல்லது இரண்டையும் ஏற்றுக்கொள்.

கணித எண்ணும் கணினி எண்ணும் ஒன்றல்ல என்பதை மறக்க வேண்டாம். 32 பிட் முழு எண்ணின் உச்சம் 2,14,74,83,647. எல்லை 65,535 வரை மொத்தம் அதற்குள் அடங்கும். 65,536 ஆனால் தாண்டிவிடும். ஃப்ராமா-சி குறிப்புகளில் எண்கள் கணித எண்கள் என்பதால் கூற்றிலுள்ள 2 × மொத்தம் நிரம்பி வழியாது. நிரலிலுள்ள கூட்டல் வழியும். அதற்கான சோதனையைத் தனியாக முடுக்கிவிட்டு, எல்லை 65,535-ஐத் தாண்டாது என்று முன்நிபந்தனை எழுதினால்தான் நிரூபணம் நிஜக் கணினிக்குப் பொருந்தும்.

முடிவு நிபந்தனையை யார் எழுதுவது என்பது மட்டும் எந்த விளையாட்டாலும் தீராது. வெறுமைப் பிழை இல்லை என்று நிரூபித்த சம்பளக் கணக்கு, தப்பான சம்பளத்தை மிகப் பாதுகாப்பாகக் கணக்கிட்டுத் தரலாம். மொத்தம் என்னவாக வர வேண்டும் என்று சொல்ல, அந்த வேலை தெரிந்தவர் ஒருவர் வேண்டும்.

இப்போது இன்வேரியன்ட் யூகிக்கும் வேலையைப் பெரிய மொழி மாதிரிகளிடமும் கொடுக்கிறார்கள். கட்டமைப்பை மாற்ற வேண்டியதில்லை: மாதிரி சொன்னதும், மனிதர் சொன்னதும், டெய்கன் கொட்டியதும் ஒரே பையில் விழலாம், ஒரே சல்லடை போதும். பையில் போடும்போதே ஒவ்வொரு கூற்றும் யாரிடமிருந்து வந்தது என்று பதிந்து வையுங்கள். சலித்து முடித்த பின், மனிதர் மட்டுமே தந்து நிரூபணத்துக்கு இன்றியமையாமல் நின்ற கூற்றுகள் எவை என்று பிரித்துப் பார்க்கலாம்; அடுத்து எந்த லூப்களை ஆட்டக்காரர்களுக்கு அனுப்புவது என்பதை அந்தப் பட்டியலிலிருந்து தீர்மானியுங்கள்.